412 காசுகள், ஒரு சுவர், ஒரு இழுப்பறை: ஒரு பழைய நாணயத் தொகுப்பை எங்கே வைப்பது என்று முடிவெடுத்த கதை

பெரியப்பா சேர்த்த காசுகள் எங்கள் கைக்கு வந்தபோது மூன்று இடங்களில் இருந்தன. அவருக்கு ரொம்பப் பிடித்த 60 காசுகள் ஒரு தடித்த பிளாஸ்டிக் ஆல்பத்தில். அடுத்த தரம் என்று அவர் நினைத்த 132 ஒரு மர இழுப்பறையில், ஒவ்வொன்றும் தனிக் குழியில். மிச்சம் 220 ஒரு தகர டப்பாவில், பழைய எழுதுதாளில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, சிலதில் ரப்பர் பேண்டு சுற்றி. ஆக 412.

அண்ணன், அதாவது பெரியப்பா மகன், முதல் நாளே சொல்லிவிட்டார், எல்லாம் சுவரில் மாட்ட வேண்டும் என்று. கண்ணாடிச் சட்டம், உள்ளே கறுப்பு வெல்வெட், மேலே ஒரு விளக்கு. "பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சா அப்பா இத்தனை வருஷம் சேர்த்ததுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு நேர் எதிர் யோசனை. ஒவ்வொன்றையும் கூட்டில் அடைத்து இருட்டில் வைத்துவிடலாம், யாரும் தொடக் கூடாது. இரண்டு வாரம் இதே பேச்சுதான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்த பிறகுதான், நாங்கள் இரண்டு பேருமே தப்பான கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது.

ஆல்பத்தைத் திறந்தபோது

திறந்ததும் ஒரு வாடை. புதிதாக வாங்கிய குளியலறைத் திரையை விரித்தால் வருமே, அதே வாடை. பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன, பிரிக்கும்போது மெல்லிசாகச் சத்தம் வந்தது. மரியா தெரசா தாலர் என்ற பழைய ஆஸ்திரிய வெள்ளிக் காசு ஒன்றை உறையிலிருந்து தள்ளினேன், நகரவில்லை. பிளாஸ்டிக்கைப் பின்னால் வளைத்து உரித்த பிறகுதான் வந்தது. அரசியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பச்சையாக, பிசுபிசுப்பாக, ஜெல்லி மாதிரி ஏதோ. தொட்டால் விரலில் ஒட்டியது.

அது சாதாரணக் களிம்பு இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்க ஒரு எண்ணெய் மாதிரிப் பொருளைச் சேர்ப்பார்கள். நாளாக ஆக அது வெளியே கசியும், கூடவே பிளாஸ்டிக் சிதைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் குளோரைடை விடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம்தான். அந்த அமிலம் காசில் உள்ள செம்பைத் தின்னும். வெள்ளிக் காசு என்று சொன்னாலும் அதில் செம்பு கலந்திருக்கும், தாலரில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. அந்தச் செம்புதான் பச்சையாக வெளியே வந்திருந்தது.

60 காசில் 23-ல் இந்தப் பச்சை. அவர் உயிரையே வைத்திருந்த காசுகள்.

இழுப்பறையில் வேறு கதை. செம்பும் வெண்கலமும் ஓரளவு நன்றாகவே இருந்தன. ஆனால் ஒரு வரிசையில் எட்டு ஈயக் காசுகள், சாதவாகனர் காலத்தவை என்று பெரியப்பா சீட்டில் எழுதியிருந்தார். அதில் ஐந்தின் மேல் வெள்ளை வெளேரென்று மாவு பூத்திருந்தது. இழுப்பறையைத் திருப்பினால் குழிக்குள் அந்த மாவு வட்டமாக நின்றது. இழுப்பறை ஓக் மரம். ஓக்கிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வந்துகொண்டே இருக்கும், மரம் அறுத்துப் பல காலம் ஆனாலும் நிற்காது. மூடிய இழுப்பறைக்குள் அந்த ஆவி தேங்கி நிற்கும்போது ஈயம் அரித்து வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாறும். செம்பு தாங்கும், ஈயம் தாங்காது. (அந்த மாவு நச்சு. முதல் நாள் அது தெரியாமல் வெறுங்கையால் தட்டிவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள், மூக்கருகே கொண்டுபோய் ஊதவும் செய்யாதீர்கள்.)

கடைசியாகத் தகர டப்பா. இதில் என்னென்ன அழிந்து கிடக்கிறதோ என்று பயந்துதான் திறந்தோம். அநேகமாக ஒன்றும் ஆகவில்லை! செம்புக் காசுகள் கறுத்திருந்தன, ஆனால் எங்கும் ஒரே சீராக, அழகாக. பழைய பிரிட்டிஷ் வெண்கலப் பென்னிகள் அரக்கு நிறத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் துத்தநாகக் காசுகள் கூட மங்கலாகத் தப்பித்திருந்தன. ரப்பர் பேண்டு சுற்றிய பொட்டலங்களில் மட்டும் நான்கு வெள்ளிக் காசுகளின் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்திருந்தது, தாளைத் தாண்டியே. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து செய்த வேலை.

ஆக, அவர் எதைச் சும்மா மடித்துப் போட்டாரோ அது பிழைத்தது. எதைப் பார்த்துப் பார்த்து ஆல்பத்தில் வைத்தாரோ அது கெட்டது. கேடு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. காசுக்குப் பக்கத்தில், தொட்டுக்கொண்டு, பல வருஷம் கூடவே இருக்கிற பொருள் எது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. சுவரா பெட்டியா என்ற சண்டை அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

முதல் வேலை: பச்சையை எடுப்பது

காசைச் சுத்தம் செய்யக் கூடாது என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் சொல்வது, நானும் அதே கட்சிதான். பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த காசு, தோல் உரித்த முகம் மாதிரி இருக்கும். ஆனால் பிவிசி பச்சை அழுக்கு இல்லை, நடந்துகொண்டிருக்கும் அரிப்பு. அதை எடுத்தே ஆக வேண்டும்.

சுத்தமான அசிட்டோன் வாங்கினேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்று விற்பதில் நிறமும் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது. இரண்டு கண்ணாடிக் கிண்ணம், ஜன்னல்களைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். முதல் கிண்ணத்தில் காசைப் போட்டு அரை மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு அரை மணி, அப்புறம் இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு அலசல், அதோடு சரி. தேய்க்கவே கூடாது. தானாகக் காயும், சில நொடிதான். பிளாஸ்டிக் கிண்ணம் எடுத்தால் பல பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்து அதையும் காசின் மேல் பூசிவிடும், ஆகவே கண்ணாடிதான்.

23-ல் 17 சுத்தமாக வந்தன. ஆறில் பச்சை போன இடத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள். தாலர் அந்த ஆறில் ஒன்று இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. குழி விழுந்தது விழுந்ததுதான், அதை எதுவும் திருப்பித் தராது.

அசிட்டோன் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பேண்டுக் கோடு அதில் போகாது, ஏனென்றால் அது மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை, வெள்ளியே சல்பைடாக மாறிய இடம். அதைப் போக்க விற்கும் மருந்துகள் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடும். நான்கையும் கோட்டோடே விட்டுவிட்டோம்.

தகர டப்பாவில் மூன்று ரோமானிய வெண்கலக் காசுகள் தனியாகக் கண்ணில் பட்டன. வெளிர்ப் பச்சைத் தூள், நகத்தால் தொட்டால் உதிரும், அடியில் சின்னக் குழி. வெண்கல நோய் என்பார்கள். நோய் என்றதும் கிருமி என்று நினைக்க வேண்டாம். மண்ணில் கிடந்த காலத்தில் உள்ளே ஏறிய குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு செம்பைத் தின்னும். பழைய கெட்டியான பச்சைக் களிம்பு வேறு, அது கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும், அதனால் தீங்கில்லை, அழகுதான். இந்த மூன்றையும் அன்றைக்கே பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடி ஜாடியில் அடைத்தேன். ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். குணமாகாது, அடங்கும், அவ்வளவுதான்.

பொருள்களைச் சோதித்தது

அடுத்து என்ன வாங்குவது. சந்தையில் எதை எடுத்தாலும் "பாதுகாப்பானது" என்று எழுதியிருக்கிறது. பெரியப்பாவின் ஆல்பத்தின் அட்டையிலும் நாணயங்களுக்கென்றே செய்தது என்று பொன்னெழுத்தில் இருந்தது. அதனால் நாமே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பிளாஸ்டிக்குக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, பெயில்ஸ்டைன் சோதனை. ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராத அளவுக்குச் சுட்டு, சூட்டோடு பிளாஸ்டிக்கில் ஒரு புள்ளி தொட்டுத் திரும்பவும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் உள்ளே குளோரின் போன்ற ஒன்று இருக்கிறது. ஆல்பத் துண்டைத் தொட்டதும் மொட்டைமாடியில் பளீரென்று பச்சைச் சுடர், அண்ணனே "அடேங்கப்பா" என்றார். புகை நல்லதில்லை, வெளியில் வைத்துச் செய்ய வேண்டும், ஒரு துளி பிளாஸ்டிக் போதும், அசிட்டோன் கிண்ணம் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கம்பியும் சுடரும் வேண்டாம் என்பவர்களுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: உறை மெத்தென்று வளைந்து கொடுத்து வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள், மொடமொடவென்று விறைப்பாக இருந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர்.

மரம், துணி, அட்டை, நுரை இதற்கெல்லாம் சுடர் உதவாது. இதற்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழி ஆடி சோதனை, ஆண்ட்ரூ ஆடி 1973-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொண்டுவந்தது. பொருளில் ஒரு துண்டு, வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகள், கொஞ்சம் தண்ணீர், எல்லாம் மூடிய குப்பியில், 60 டிகிரி செல்சியஸில் 28 நாள். ஈயத் தகடு வெளுத்தால் அமில ஆவி, வெள்ளி கறுத்தால் கந்தகம், செம்புத் தகடு நிறம் மாறினால் அது குளோரைடு முதலியவற்றுக்குச் சாட்சி.

என்னிடம் 60 டிகிரியில் ஒரு மாதம் வைக்கும் அடுப்பு ஏது. ஜாம் ஜாடிகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஈரப் பஞ்சு, தூண்டில் ஈயக் குண்டைத் தட்டித் தகடாக்கித் தேய்த்த துண்டு, உடைந்த வெள்ளிச் சங்கிலியில் ஒரு வளையம், ஒரு செம்புக் கம்பித் துண்டு, சோதிக்க வேண்டிய பொருள். எதுவும் போடாத ஜாடி ஒன்று, ஒப்பிட. மாடி அறையில் சூடான மூலையில் ஐந்து வாரம். ஆய்வகத் தரம் இல்லை, நல்ல பொருளுக்குச் சான்றிதழ் தர இது போதாது. ஆனால் மோசமான பொருள் மாட்டிக்கொள்ளும்.

ஓக் சிராய் போட்ட ஜாடியில் இரண்டாவது வாரமே ஈயம் வெளுத்தது. அண்ணன் சட்டத்துக்காக வாங்கி வைத்திருந்த கறுப்பு வெல்வெட் இருந்த ஜாடியில் வெள்ளி வளையம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் நீலம் கலந்த கறுப்பாகிவிட்டது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, வெல்வெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய துணி மூட்டையில் போட்டுவிட்டார். நான் இரண்டு வாரம் வாதாடி நடக்காதது அந்த வளையத்தால் நடந்தது. வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரையும், கந்தகம் இல்லாதது என்று வாங்கிய காகித உறையும் ஒப்பீட்டு ஜாடியைவிட மோசமாகப் போகவில்லை.

என்னென்ன வழி இருந்தது

ஆல்பம். புரட்டிப் பார்க்க இதைவிட வசதி கிடையாது. பிவிசி இல்லாத ஆல்பம் இப்போது கிடைக்கிறது. ஆனால் 412-ல் விதவிதமான அளவு, கனமான காசுகள் வைத்த பக்கம் நிமிர்த்தி வைத்தால் தொங்கும், பக்கங்கள் ஒன்றோடு ஒன்று உரசும். இரண்டு பேரும் வேண்டாம் என்றோம். ஒரு காயம் போதும் என்ற மனநிலையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு அங்குலச் சதுர அட்டை, நடுவில் பாலியெஸ்டர் ஜன்னல், மடித்து ஸ்டேப்பிள் அடிப்பது. மலிவு, இரண்டு பக்கமும் தெரியும், அட்டையில் எழுதலாம். உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், தப்பு சொல்ல மாட்டேன். 20 வாங்கிச் சோதித்தேன். காசை வெளியே எடுக்க ஸ்டேப்பிளைப் பிரித்தபோது அதன் கூர்முனை ஒரு பென்னியின் மேல் இழுத்துக்கொண்டு போனது. மெல்லிய கீறல்தான், இன்னும் கண்ணில் உறுத்துகிறது. இந்த அட்டையில் போட்டால் ஸ்டேப்பிள் முனையை இடுக்கியால் தட்டையாக்க வேண்டும், எடுக்கும்போது அட்டையை வெட்டிவிட வேண்டும், பிரிக்கவே கூடாது. இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துச் செய்கிற ஆள் நான் இல்லை.

தரம் பார்த்துச் சீல் வைத்துத் தரும் கெட்டிப் பிளாஸ்டிக் பலகை. காசுக்குத் தரம் பார்க்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் ஆரம்பித்த பிறகு பரவிய முறை. விற்கப் போகிறவர்களுக்கு நல்லது. நாங்கள் விற்கப் போவதில்லை.

மஹோகனிப் பெட்டி, வட்டக் குழி வெட்டிய தட்டுகள். பழைய காலச் சேகரிப்பாளர்களின் கௌரவமான முறை, ஓக் மாதிரி மஹோகனி காசைத் துன்புறுத்துவதில்லை என்ற பெயரும் அதற்கு உண்டு. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மஹோகனி என்ற பெயரில் விற்பதில் பாதி உள்ளே எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மேலே ஒட்டிய மரத்தோல். எம்டிஎஃபில் உள்ள பசை ஃபார்மால்டிஹைடு விடும். எட்டு ஈயக் காசைப் பார்த்த பிறகு எந்த மரத்தையும் நம்ப மனம் வரவில்லை.

தனித்தனிக் கூடு, அதாவது காசின் அளவுக்கே செய்த கெட்டியான வட்ட அக்ரிலிக் கேப்சூல். விளிம்பை மட்டும் பிடித்திருக்கும், முகத்தை எதுவும் தொடாது. 412-க்கும் வாங்கினால் செலவும் இடமும் எகிறும்.

கடைசியாகக் காகித உறை. பழைய ஆள்கள் வைத்த முறை, தகர டப்பாவில் பெரியப்பாவே தெரியாமல் செய்தது. குறை ஒன்றுதான், திறக்காமல் காசு தெரியாது.

சுவரைப் பற்றி

இங்கேதான் நேரம் போனது. அண்ணன் கேட்டதில் நியாயம் இருந்தது. பார்க்க முடியாத தொகுப்பு கொஞ்ச நாளில் யாருக்கும் வேண்டாத சுமையாகிவிடும், அப்படிப் போன தொகுப்புகளை எனக்கே தெரியும். ஆனால் 412-ஐயும் சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து எழுதினோம். ஒரு பக்கம் மட்டும் தெரியும், பூ தெரிந்தால் தலை தெரியாது. ஒட்டாமல் நிற்காது, எந்தப் பசையானாலும் காசில் தடம் விடும். வெள்ளியும் ஈயமும் நோயுள்ள வெண்கலமும் ஒரே காற்றில். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும், யார் யார் என்று நமக்கே தெரியாதவர்களுக்கும், என்ன இருக்கிறது என்று அறிவிப்புப் பலகை. ஒன்றை எடுத்துப் பார்க்கச் சட்டம் முழுவதையும் கழற்ற வேண்டும்.

காட்டுவதற்கு ஒரு பெட்டி, காப்பதற்கு ஒரு பெட்டி என்று பிரித்ததும் சண்டை தானாக நின்றது. ஒரே சாமான் இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்று கேட்டதால்தான் வெல்வெட்டில் போய் மாட்டினோம்.

சுவரில் 14 காசுகள். நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றம், எதை வைப்பது என்று தேர்ந்தெடுப்பது அண்ணன் உரிமை, ஈயமும் அந்த மூன்று ரோமானியக் காசுகளும் மட்டும் கிடையாது. சட்டம் அலுமினியம், முன்பக்கம் கண்ணாடி, பின்பலகை திருகாணியில் கழன்று வரும். உள்ளே வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரையில் வட்டக் குழி, குழிக்குள் கேப்சூலோடு காசு. எதுவும் ஒட்டப்படவில்லை. ஒவ்வொரு காசுக்கும் பக்கத்தில் அதன் மறுபக்கத்தின் புகைப்படம், காசைவிட மூன்று மடங்கு பெரிதாக. இது அண்ணன் யோசனை, நான் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்தது. காசைவிடப் படத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், அப்புறம் "இவ்வளவு சின்னதா?" என்று காசைத் தேடுகிறார்கள்.

விளக்கை முதலில் சட்டத்துக்குள் வைத்தோம், எல்இடி பட்டைதானே சூடாகாது என்று. மூடிய சட்டத்துக்குள் சூடு ஏறி இறங்க ஆரம்பித்தது, விளக்கை அணைத்த பிறகு கண்ணாடியின் உள்பக்கம் ஒரு நாள் லேசாக மூட்டம் போட்டது. அன்றே விளக்கு வெளியே வந்துவிட்டது. வெளிச்சம் உலோகத்தை நேராகக் கெடுப்பது குறைவு, சூடும் அதோடு ஆடுகிற ஈரமும்தான் தொல்லை. சமையலறைச் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

மீதியை எங்கே வைத்தோம்

நல்ல வெள்ளியும், ஆல்பத்தில் அடிபட்டுத் தேறியவையும், அண்ணன் சுவருக்கு எடுக்கக் கூடியவையுமாக 90 காசுகள் கேப்சூலில், அதில் 14 எப்போதும் சுவரில். எட்டு ஈயக் காசுகளும் ஒரு சின்னக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக, மரமும் அட்டையும் பக்கத்தில் வராமல். மூன்று ரோமானியக் காசுகள் ஜாடியில். பாக்கி 311 காகித உறையில், வரிசையாக நிற்க வைத்து, பாலிப்ரொப்பிலீன் பெட்டிகளில்.

காசுகளின் எடை மட்டும் 3 கிலோ 600 கிராம் வந்தது. பெட்டியைத் தூக்கும்போது அடி தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு மூடியைப் பிடித்துத் தூக்கி நடுவீட்டில் கொட்டப் பார்த்தேன்.

பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியும் சிலிக்கா ஜெல் பையும். கருவியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் களி மாதிரி நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு ஒரு பையில் அடைத்து ஒரு நாள் வைத்தால் உள்ளே 75 சதவீதம் நிற்கும். என் கருவி 71 காட்டியது. ஆகவே எதைக் காட்டினாலும் நாலு கூட்டிக்கொள்கிறேன். பெட்டிகளில் 40-ஐ ஒட்டி வைக்கிறோம், ஜாடியில் மட்டும் 35-க்குக் கீழே. ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து உலர்த்தித் திரும்பப் போடலாம், துணிப் பையோடு வைக்காமல் மணிகளைத் தட்டில் கொட்டி.

எழுத்து வேலை: ஒவ்வொரு காசுக்கும் எண், இரண்டு பக்கப் படம், எடை, விட்டம், எங்கே இருக்கிறது. தாலர் 28.06 கிராம், 39.5 மில்லிமீட்டர். உறையில் எழுதுவது காசை உள்ளே போடுவதற்கு முன்னால், பென்சிலில். உள்ளே காசு இருக்கும்போது அழுத்தி எழுதினால் கோடு காசில் இறங்கும். பட்டியல் ஒரு பிரதி என்னிடம், ஒன்று அண்ணனிடம், காசு இருக்கும் அலமாரியில் ஒன்றும் இல்லை.

பெரியப்பாவின் சீட்டுகளை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தோம். பொடி எழுத்தில், யாரிடம் வாங்கியது, எதற்குப் பதிலாகக் கொடுத்தது, "மூலை தேய்ந்தது, நல்லது கிடைத்தால் மாற்ற வேண்டும்" என்றெல்லாம். அந்தப் பழுப்புத் தாளைக் காசோடு உறைக்குள் வைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கிப் போடுவது என்ற பேச்சே இல்லை. அதே எண் போட்ட இன்னொரு உறையில், வேறு பெட்டியில். அவர் எண்ணையே எங்கள் எண்ணாகவும் வைத்துக்கொண்டோம், நடுவில் விட்டுப்போன எண்கள் அப்படியே விட்டுப்போயிருக்கின்றன.

14 மாதம் கழித்து

இதோ நான் மறைக்க முடியாத இடம். ஐந்தாவது மாதம் சுவரிலிருந்து தாலரை எடுத்தபோது அதன் விளிம்பை ஒட்டி ஒரு வளையம், பழுப்பும் நீலமுமாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. வேறு எந்தக் காசிலும் இல்லை. காரணம் கேப்சூலுக்குள் இருந்த கறுப்பு நுரை வளையம். தாலருக்குச் சரியான அளவில் கூடு கிடைக்கவில்லை என்று கொஞ்சம் பெரிய கூட்டில், அதோடு வந்த நுரை வளையத்தைப் போட்டு நிறுத்தியிருந்தேன். வெல்வெட்டைச் சோதித்தேன், மரத்தைச் சோதித்தேன், காகிதத்தைக் கூடச் சோதித்தேன், காசைத் தொட்டுக்கொண்டே இருந்த அந்த வளையத்தை மட்டும் ஜாடியில் போடவில்லை, கேப்சூலோடு வந்ததுதானே என்று. பெரியப்பா பொன்னெழுத்தை நம்பினார், நான் பாக்கெட்டை நம்பினேன். இப்போது தாலர் தன் அளவுக் கூட்டில் இருக்கிறது, வளையம் அதன் மேல் இருக்கிறது. அது சல்பைடுத் தோல்தான், குழி இல்லை, ஆகவே கை வைக்கவில்லை.

ரோமானியக் காசுகள் பத்து மாதம் அமைதியாக இருந்தன. மழை வாரம் ஒன்றில் ஒரு உறவுக்காரப் பையனுக்குக் காட்ட அண்ணன் ஜாடியைத் திறந்து, மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தால் ஒரு காசில் புதிதாக இரண்டு வெளிர்ப் பச்சைப் புள்ளி. மூன்றையும் பழம்பொருள் பாதுகாப்புத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மற்றவை நன்றாக இருக்கின்றன. பழைய படத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் வைத்து, வாரம் கொஞ்சமாக 311-ஐயும் பார்த்து முடித்தேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஈயக் காசுகளில் புதிய மாவு பூக்கவில்லை.

ஓக் இழுப்பறையைத் தூக்கிப் போட அண்ணனுக்கு மனம் வரவில்லை, அது அவர் அப்பா சொல்லிச் செய்தது. இப்போது அதில் வீட்டுச் சாவிகளும் மின்கட்டண ரசீதுகளும் கிடக்கின்றன. போன வாரம் ஒரு துணி காயப்போடும் கிளிப்பும் ஒரு தூண்டில் ஈயமும் அதில் கிடந்தன. ஈயத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், ஓரத்தில் ஏற்கெனவே வெளுக்க ஆரம்பித்திருந்தது.